தவிட்டுக்கு வாங்கிய பெயர்

1972, ஆவணி மாதம். காலை ஆறே முக்காலுக்கு சென்ட்ரலில் கூடூர் பாசஞ்சர் ஏறினேன். ஆரம்பாக்கத்துக்கு மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் அறுபது காசு. பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் கரி பறந்து சலவைச் சட்டை பாழ்!

பொன்னேரியில் கூடையோடு ஏறிய மீன்காரம்மா, "இன்னா சார் பேரு?" என்றாள். கம்பெனியில் நான் பாஸ்கரன். அவளிடம் ஏனோ வீட்டுப் பெயர்தான் வாயில் வந்தது. "தவுடு." அந்தப் பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டு ஒரு வருடமாகிறது.

"அட, தவுட்டுக்கு வாங்கின புள்ளையா நீ? என் பேரு போதும்பொண்ணு! அஞ்சாவதும் பொண்ணாச்சேன்னு எங்க நைனா வெச்சாரு. சாமி காதுல உழல, எனக்கப்புறமும் ரெண்டு பொண்ணு!" பெட்டியே சிரித்தது.

எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் என்னைப் பெற்றவள், பிறந்த அன்றே பக்கத்து வீட்டு அங்கம்மாவுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டு, வளர்க்க மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள். எமனை ஏமாற்றத்தான். பெற்றவளை நான் 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும். தவறி 'அம்மா' என்றால் வாயைப் பொத்துவாள். போன ஆவணியில், பட்டணத்தில் என் வீட்டில் போய்ச் சேர்ந்தாள். நாளை மறுநாள் தெவசம். படத்தின் முன்னாலாவது அம்மா என்று கூப்பிட ஏங்கிக் கிடக்கிறேன். வாங்கியவளைக் கேட்காமல் மனசு வரவில்லை.

எளாவூர் தாண்டி, ஒன்பதரைக்கு ஆரம்பாக்கம். வயல் வரப்பில் ஒரு மைல் நடை. அங்கம்மா வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் சார் வோணும்?"

பெயரைச் சொன்னேன். சாணிக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "டேய் தவுடு! நாஷ்டா துன்னியாடா?"

சாவுச் செய்தி அவளுக்கு எட்டவே இல்லை. சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வந்த விஷயத்தையும் சொன்னேன்.

"பயந்தாங்கொள்ளிடா அவ," என்று மூக்கைச் சிந்தினாள். "புள்ள அம்மான்னு கூப்புட மாட்டானான்னு எங்கிட்ட அழுதுக்கினே இருப்பா. இனிமே இன்னா பயம்? கூப்புட்றா, இங்கயே கூப்புடு."

பக்கத்தில் நான் பிறந்த வீடு பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அம்மா."

"இன்னாடா தவுடு?" என்றாள், பின்னாலிருந்து அங்கம்மா.