உட்காராத சாட்சி

முதியோர் இல்லத்தில் தன்னை ஈரப் படுக்கையிலேயே போட்டுவிட்டார்கள் என்று அந்தப் பெரியவர் வழக்குப் போட்டிருந்தார். அரியலூர் கோர்ட்டில், நீதிபதி நாற்காலி கொடுக்கச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. "இருக்கட்டுங்கய்யா" என்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே சாட்சி சொன்னார்.

நான் இல்லத் தரப்பு வக்கீலின் ஜூனியர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், கறுப்புக் கோட்டு போட்டவள். "இவ்வளவு நேரம் நிற்கிறவருக்கு என்ன குறை?" என்று சீனியர் மடக்கியபோது பெருமையாகச் சிரித்தேன்.

அன்று மாலை நான் ஏறிய பெரம்பலூர் பஸ்ஸில் அவரும் இருந்தார். இடம் இருந்தும் கம்பியைப் பிடித்தே நின்றார்.

"உக்காருங்கய்யா."

"முடியாது தாயி. படுத்தே கெடந்து பின்னால புண்ணு."

"அத கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே?"

"பொம்பளப் புள்ள நீ நிக்கிறப்ப எப்படிச் சொல்றது?"

மறுநாள் சீனியரிடம் சொன்னேன். "சாட்சி முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

ஜெயித்தோம். கோட்டை மாட்டும்போதெல்லாம் அந்தக் கம்பியும் அவர் கையும் கண்ணில் நிற்கின்றன.