தனசேகர் எழுந்து போன நிமிடங்கள்

செய்தி வந்தபோது நான் சிதம்பரத்தில், வேலை பார்க்கும் கல்லூரியின் ஆய்வகத்தில் இருந்தேன். குடிகாடு பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து ஆபரேட்டர் முருகையன் பேசினார். "மேடம், நம்ம தனசேகரு போயிட்டாரு மேடம். காலைல நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." ஐயோ என்றேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐயோவுக்கு முன்னால், இனி அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்து போனது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று அப்புறம்தான் அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்து முருகையன் மறுபடி பேசினார். "படத்திறப்பு வச்சிருக்கோம். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம், நீங்க படிச்சவங்க." நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். அந்த நல்லது முழுக்க அவரைப் பற்றியது. என்னைப் பற்றி இதில் நல்லதாக எதுவும் இருக்காது.

அவரோடு ஷிஃப்ட் பார்த்த உங்களுக்கு எங்கள் ஆராய்ச்சி நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலையில் ஏதாவது கோளாறு என்றால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு சிவப்பு வரி மினுங்கி அலாரம் அடிக்கும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். 'நான் இதைப் பார்த்துவிட்டேன்' என்று அதற்கு அர்த்தம். அலாரத்துக்கும் பொத்தானுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒவ்வோர் ஆளுக்கும் அளந்து சொல்லும் மென்பொருளை நான் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஆலைக்குள் முதல் நாள் நுழைந்தபோது எழுந்து வந்து வரவேற்றவர் தனசேகர்தான்.

"வாங்க மேடம், எங்களுக்கு மார்க் போட வந்திருக்கீங்களாமே. பாஸ் மார்க் எவ்ளோன்னு மொதல்லியே சொல்லிடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு ஹெல்மெட்டை என் கையில் கொடுத்து வெளியே கூட்டிப்போனார். ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "தொட்டுப் பாருங்க. சூடு ஜாஸ்தி இல்ல. ஆனா லேசா ஒரு நடுக்கம் இருக்கு, தெரியுதா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியுது என்று தலையாட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க மேடம். நான் மார்க் கொறைக்க மாட்டேன்." ஐம்பதைத் தாண்டிய மனிதர், என்ன குறும்பு!

ஆறு மாதம் அளந்தோம். ஒன்பது ஆபரேட்டர்களில் தனசேகர் கடைசி. கொஞ்ச நஞ்சமல்ல, எட்டாவது ஆளுக்கும் அவருக்கும் எட்டாத தூரம். மேலாளர் அந்தப் பட்டியலைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். "என்ன தனசேகர், தூங்குறீங்களா?" என்று கேட்டார். தனசேகர் எழுந்து நின்று, "பாக்காம எப்புடி சார் பாத்துட்டேன்னு அமுக்கறது?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் சொன்னது ஒரு பதில் என்றே எனக்கு உறைக்கவில்லை. வழக்கமான கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவரை வாசல் பக்கம் எடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே லாரிகளை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் ஒரு ஆலையின் நாடியைப் பிடித்துப் பார்த்த மனிதருக்கு அந்த வேலை.

ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் கடைசித் திருத்தத்துக்காக அதே பதிவுகளை வேறு விதமாகப் பார்த்தேன். ஒரு முறை அடங்கிய அலாரம் அதே காரணத்துக்காக மறுபடி அடிக்கிறதா என்று தேடினேன். மற்ற எட்டுப் பேரின் ஷிஃப்டிலும் அடித்தது. பொத்தான், அலாரம், பொத்தான், அலாரம் என்று வரிசையாக. தனசேகரின் ஷிஃப்டில் மட்டும் ஒரு தடவை அடித்தது திரும்ப அடிக்கவே இல்லை. முருகையனுக்குப் போன் போட்டேன். "அதுவா மேடம்? நாங்கல்லாம் சத்தம் நிக்கட்டும்னு உக்காந்த எடத்துலியே மொதல்ல அமுக்கிடுவோம், அப்பறம் பாத்துக்கலாம்னு. அவரு அப்புடி இல்ல. கூட இருக்கறவர திரைய பாத்துக்கச் சொல்லிட்டு எழுந்து போவாரு. வால்வோ பம்போ, சரி பண்ணிட்டு வந்துதான் அமுக்குவாரு." அவர் எழுந்து நடந்து போன நிமிடங்களையெல்லாம் நான் சோம்பல் என்று எழுதி வைத்திருந்தேன்.

திட்டத்தின் தலைவரிடம் போனேன். "இப்ப இதக் கிளறினா கட்டுரையே போயிடும்மா. விடுங்க, அவருக்குச் சம்பளம் ஒண்ணும் கொறையலியே" என்றார். விட்டுவிட்டேன். தலைவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். வாய் என்னுடையது, மூடிக்கொண்டதும் நான்தான். கட்டுரை வந்தது. அதை வைத்து எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

அதற்கப்புறம் ஒரே ஒரு முறை தனசேகரைப் பார்த்தேன். திருப்பாதிரிப்புலியூரில் சாமான் வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நல்ல கூட்டம். எங்கிருந்தோ வந்து, "மேடம், நீங்க நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்த பஸ்ஸோடு ஓடி ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. "எடைமேடை எப்படி இருக்கு?" என்று கேட்டேன், வெட்கமில்லாமல். "ஜாலியா இருக்கேன் மேடம். அங்க அலாரமே கெடையாது" என்று சிரித்தார். பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். உங்கள் மேல் தப்பில்லை, என் அளவுகோல்தான் தப்பு என்று இரண்டே வாக்கியம். பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பிடித்துக் கொடுத்த சீட்டில் சொகுசாக உட்கார்ந்து கையாட்டினேன்.

போன வாரம் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி செல்வி அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதான அந்தக் கம்ப்யூட்டர் மேடம்? அவர மாத்தின அன்னிக்கு வூட்டுக்கு வந்து சோறே துன்னல. நான் உங்கள வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனசுல வச்சுக்காதீங்க. அதுக்கு எம்மேல கோவப்பட்டாரு. 'அந்தம்மாவ ஏன்டி திட்டுற? நான் எழுந்து போறது அவுங்க மெஷினுக்குத் தெரியாது. அவுங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மொத ஆளா வந்து சொல்லியிருப்பாங்க'ன்னாரு."

"தெரியும் அக்கா" என்றேன். "ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அவரு இருக்கும்போது ஒரு நட வந்திருக்கலாமே மேடம்" என்றார்.

ஆலைக்கும் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் என் தவறை எழுதி அனுப்பிவிட்டேன். தனசேகர் கடைசி ஆள் அல்ல, அந்த ஒன்பது பேரில் பார்த்துவிட்டுப் 'பார்த்தேன்' என்று சொன்ன ஒரே ஆள் என்று அதில் இருக்கிறது. அவர் படிக்க முடியாத காலத்தில் எழுதியிருக்கிறேன், அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தெரிந்திருந்தால் நான் முதல் ஆளாக வந்திருப்பேன் என்ற அவருடைய நம்பிக்கை. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார். அவள் நான் இல்லை. இதை உங்கள் எல்லோர் முன்னாலும், அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே படிக்கிறேன்.