எனக்கு யாருமில்லக்கா

இஸ்திரிக்காரியிடம் சட்டை கசங்கியிருக்கிறது என்று சண்டை போடலாம், பாக்கி சொல்லலாம், நேற்றே தருவதாகச் சொன்னாயே என்று எரிந்து விழலாம். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவாள். ‘அக்கா’ என்று மட்டும் கூப்பிட்டுவிடக் கூடாது. கூப்பிட்டால் துணியை அப்படியே மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், “இந்தம்மாவுக்கு என்ன இவ்ளோ கொழுப்பு?” என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். கொழுப்பாம், கொழுப்பு! அவள் பட்டது அவளுக்குத்தானே தெரியும்?

ஒரு காலத்தில் தெருவுக்கே அவள்தான் அக்கா. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்று, பின்னால் ஒரே ஓர் அறை. அந்த அறையில் அவளும் தம்பியும். கட்டியவன் எப்போதோ எவளோடோ போய்விட்டான். அதற்காக அவள் ஒருநாள்கூட உட்கார்ந்து அழுததில்லை. தம்பி கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். நல்ல உழைப்பாளி, வாயாடி வேறு. ஒருநாள் சாரம் சரிந்து தலைகுப்புற விழுந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் எழுந்து வந்தது பழைய ஆள் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் புத்தியும் முப்பது வயது உடம்புமாக வந்து நின்றான்.

அவனை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வேடிக்கை பார்ப்பான். கதவு திறந்திருந்தால் கால்போன போக்கில் போய்விடுவான். அதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டாள். ஒருநாள் அவள் மாடிக்குத் துணி கொடுக்கப் போய்த் திரும்புவதற்குள், போட்டிருந்த சட்டையோடு தன் வயிற்றிலேயே கரிப்பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“சட்டை கசங்கியிருந்துச்சுக்கா” என்றான். வலியில் கண்ணீர் கொட்டுகிறது, கை பெட்டியை விடவில்லை.

புண் ஆறுவதற்குள் வீட்டு ஓனர் வந்து நின்றார். “உன்மேல எனக்கு ஒன்னும் கோபமில்லம்மா. ஆனா இன்னொரு தடவை நெருப்போட விளையாடினான்னா கட்டடமே போயிடும். அவனுக்கு ஒரு வழி பண்ணு, இல்லன்னா ரூமைக் காலி பண்ணு.”

அன்றிலிருந்து வேலை செய்யும் நேரமெல்லாம் தம்பியின் காலைப் பழைய துண்டால் கட்டில் காலோடு கட்டிவைத்தாள். கட்டும்போது அவனே காலை நீட்டிக் கொடுப்பான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எங்கேயாவது அவனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்தாள்.

மருந்துக்கடைக்காரர் தன் ஃபோனில் தட்டிப் பார்த்து, “உதவி பண்றவங்க நம்ம ஊர்ல இவ்ளோ பேர் இருக்காங்களே!” என்று வாயைப் பிளந்தார். அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் அவள் செருப்புத் தேய நடந்தாள். ஒரு சேவை மையத்தில் பெயர்ப்பலகை மட்டும் இருந்தது, உள்ளே ஜெராக்ஸ் கடை. இன்னொன்று முதியோர் இல்லம். “அறுபது வயசு ஆகட்டும், கூட்டிட்டு வாங்க” என்றார்கள். அதுவரைக்கும் அவனை எங்கே போட்டு வைப்பதாம், பரண்மேலா? ஒரு சங்கத்தில் போர்வை கொடுத்தார்கள். கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள், சிரிக்கச் சொன்னார்கள்.

கடைசியாகப் போன இல்லத்தில் இடமும் இருந்தது, ஆண்களையும் எடுத்தார்கள். “சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்கள்.

அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: “நான் இருக்கேனே! கூடப் பொறந்த அக்கா.”

“அப்ப முடியாதும்மா. இது யாருமில்லாதவங்களுக்கு.”

பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவள் தலையில் மண்ணைப் போட்டது. வாசலில் இருந்த காவல்காரருக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே வந்து, “ஏம்மா, இப்படியா உளறுவ? ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு இல்லம் இருக்கு. நல்லாப் பாத்துக்குவாங்க. அங்கயாவது தெரிஞ்சவங்கன்னு சொல்லித் தொலை” என்றார்.

அன்று ராத்திரி தம்பிக்குப் பாடம் ஆரம்பித்தது. “யாராவது கேட்டா என்னடா சொல்லணும்? ‘எனக்கு யாருமில்ல’ன்னு சொல்லணும். சொல்லு.”

“எனக்கு யாருமில்லக்கா.”

“அக்கா சொல்லக் கூடாதுடா.”

“சரிக்கா.”

எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் அந்த ‘க்கா’ மட்டும் உதிரவே இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இல்லத்தில் தரை பளிச்சென்று இருந்தது. உள்ளே இருந்தவர்கள் குளித்து, தலை வாரி, வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் கண்டிப்பும் கனிவும் கலந்த ஒரு பெண்மணி. பஸ் ஸ்டாண்டில் கிடந்தான், பாவமாக இருந்தது, கூட்டி வந்தேன் என்று அவள் ஒப்பித்தாள். அந்தப் பெண்மணி தம்பியின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு யார் யார் இருக்காங்க தம்பி?”

அவன் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னான்: “எனக்கு யாருமில்லக்கா.”

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று அவள் நினைத்தாள். பொறுப்பாளருக்கோ கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா, வந்ததும் வராததுமா எவ்ளோ வாய் நிறைய என்னை அக்காங்கறாரு!” என்று அவன் தோளைத் தொட்டார். சேர்த்துக்கொண்டார்கள். ஏதாவது என்றால் சொல்ல உங்கள் ஃபோன் நம்பர் கொடுங்கள் என்று கேட்டபோது, பொய் எப்படியாவது வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து, ஃபோன் இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியாட்கள் வந்து பார்க்கலாம். அவளும் வெளியாளாகப் போனாள். பிஸ்கட்டும், மடிப்புக் கலையாத சட்டை ஒன்றும் கொண்டுபோவாள். அவன் கன்னம் உப்பிக் கொஞ்சம் தெளிந்திருந்தான். சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அவள் காதோரம் குனிந்து கேட்பான்: “நான் சரியாச் சொன்னேன்ல?”

“சரியாச் சொன்னேடா” என்பாள்.

மழைக்காலத்தில் பாலம் மூழ்கியது. அவளும் காய்ச்சலில் விழுந்தாள். இரண்டு மூன்று ஞாயிறுகள் தவறிவிட்டன. எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் சட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பொறுப்பாளர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். “வாங்க. எங்கே சொல்லி அனுப்புறதுன்னே தெரியலை. அவரு தவறிட்டாரு. இங்க எல்லாருக்கும் காய்ச்சல் வந்துச்சு, மத்தவங்க தேறிட்டாங்க. ஆஸ்பத்திரியில வச்சும் பாத்தோம். சொந்தம்னு யாரும் இல்லாததால நாங்களே எடுத்து அடக்கம் பண்ணிட்டோம்.”

இஸ்திரிக்காரி மடியிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலர் ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கம். அதை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“கடைசி ரெண்டு நாளும் ‘அக்கா, அக்கா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு” என்றார் அந்தப் பெண்மணி. “இங்கதான் இருக்கேன் தம்பின்னு நான் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் முகத்தையே தேடித் தேடிப் பாத்தாரு. அப்புறம் ஒன்னு கேட்டாரு, ‘நான் சரியாச் சொன்னேன்ல?’ன்னு. எதைக் கேக்கறாருன்னு எனக்குப் புரியலை. ஆமான்னு மட்டும் சொன்னேன். அதோட கண்ணை மூடிட்டாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். “ஏன் அந்தச் சட்டையையே நீவிக்கிட்டிருக்கீங்க? நீங்க அவருக்கு ஏதாவது சொந்தமா?”

மேஜைமேல் இருந்த பொறுப்பாளரின் கை, ராத்திரி பகலாகத் தன் தம்பியின் கையைப் பிடித்திருந்த கை. அந்தக் கையை அவள் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். சட்டையை மேஜைமேல் வைத்தாள்.

“இல்லைங்க” என்றாள். “தெரிஞ்சவங்கதான்.”