நீட்டாக வந்த பிள்ளைகள்

போன சனிக்கிழமை ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன். நல்ல எண்ணத்தோடுதான். கெடுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி உண்டா, என்ன?

பட்டினப்பாக்கத்தில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். அம்மா மீன் விற்கிறவர். பகலில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சாயந்திரமானால் தன் குடியிருப்பின் படிக்கட்டிலேயே இலவச டியூஷன். கீழ்ப்படியில் ஒன்றாம் வகுப்பு, மேலே போகப் போகப் பெரிய வகுப்பு. ட்யூப்லைட் எரிகிற திருப்பத்தில் பத்தாவது. அன்றைய பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தால் ஒரு படி ஏறி உட்காரலாம். யாராவது தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தால் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள் — வாய்ப்பாடு மட்டும் நிற்காது. அம்மாக்கள் மீன் விற்றுத் திரும்பும்வரை வகுப்பு நடக்கும்.

நான் மயிலாப்பூரில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவள். ப்ரொஜெக்டர், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் வைத்துக்கொண்டு எங்களால் முடியாததை இவள் படிக்கட்டில் செய்கிறாள். முதல் நாள் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. சொல்வதற்கென்ன வெட்கம்?

அந்தக் கட்டடம் பழசு. இடிக்கப் போகிறார்கள். படிக்கட்டு போனால் வகுப்பும் போச்சு. வாடகைக்கு ஓர் அறை கிடைத்தால் பிழைக்கும். எனக்குத் தெரிந்த தி.நகர் அறக்கட்டளை ஒன்றில் சொன்னேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், பார்த்து முடிவு செய்கிறோம் என்றார்கள்.

"பசங்க இன்னா போட்டுக்கினு வரணும் டீச்சர்?" என்று போனில் கேட்டாள் ஸ்டெல்லா.

"நீட்டா வரச் சொல்லும்மா."

பழக்க தோஷம். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எந்த டீச்சர் வாயிலும் முதலில் வருவது அதுதான்.

வந்தார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு எடுத்த பட்டுப்பாவாடை, ஜிகினா வைத்த கவுன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை... பத்தாவது படிக்கும் ஜெனி, தங்கையின் ஷூவைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினாள்.

அறக்கட்டளைக்காரர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க... இவங்கல்லாம் நல்லாத்தானே இருக்காங்க? நிஜமாவே கஷ்டப்படற பசங்களுக்குப் பண்ணணும்னு பாக்கறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டை ஒரு தடவை வந்து பாருங்கள் என்றேன். நேரமில்லையாம். காபி மட்டும் கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தப்பு என் மேல்தான், பழைய துணியில் வரச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை. அது இன்னும் வலித்தது.

"அப்டி சொல்லியிருந்தா அவங்க அம்மாங்க அனுப்பியிருக்கவே மாட்டாங்க டீச்சர். மானம்னு ஒண்ணு கீதுல்ல."

ஏழைக்கு உதவ இந்த ஊரில் ஆள் நிறைய உண்டு. ஆனால் அந்த ஏழை, பார்த்தவுடன் ஏழையாகத் தெரிய வேண்டும். அழுக்காக வந்தால் அறிவுரை, சுத்தமாக வந்தால் சந்தேகம். அவர்கள் என்னதான் செய்வார்கள்?

பஸ் வரும் நேரத்தில் ஜெனி மெதுவாகக் கேட்டாள். "நாங்க நீட்டாத்தானே வந்தோம் டீச்சர்?"

"ரொம்ப நீட்டாம்மா" என்றேன்.

நூற்றுக்கு நூறு. அதனால்தான் ஃபெயில்.