ஏழாயிரம்பண்ணை வேனுக்கு மாட்டிய சப்வூஃபர்

செல்வம் வேனைக் கொண்டுவந்து நிறுத்திய வேகத்திலேயே தெரிந்தது, ஆள் தலைபோகிற அவசரத்தில் இருக்கிறான் என்று. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிறவன். விருதுநகரில் என் கார் ஆடியோ கடைக்குள் வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, இன்னொரு வேன்ல பாட்டு பட்டையக் கிளப்புது. எம் பொம்பளையாளுக ஒவ்வொருத்தரா அங்கன மாறுறாக. சீட்டு காலியா ஓடுனா கம்பெனில ரூட்ட அவனுக்கே குடுத்துருவாக. ஊரே அதிரணும், அப்படி ஒண்ணு மாட்டுங்க!"

ஊரே அதிரணும் என்று ஒருவர் கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபரை, அடிக்கிற பேஸ் சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கரை எடுத்தேன். போர்ட் பாக்ஸ், அதாவது காற்று வெளியே வர ஓட்டை வைத்த பெட்டி. சத்தம் மலைபோல் எழும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைத்தேன். பட்டாசு ஊரில் வயரிங்கில் விளையாட்டே கிடையாது. ஆன் செய்ததும் கடைக் கண்ணாடி நடுங்கியது. செல்வம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"சாயங்கால டிரிப்புக்கு வாங்க அண்ணாச்சி. எம் ஆளுக ஆடுறதப் பாருங்க!"

அன்று சனிக்கிழமை. நானும் வேனில் போனேன். காலையில் கம்பெனி கேட்டில் ஒப்படைத்த போன்களை வாங்கிக்கொண்டு பெண்கள் ஏறினார்கள். காய்ந்த காடுகளுக்கு நடுவே வேன் வேகம் எடுத்ததும் செல்வம் ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். முதலில் ஒரே ஒரு அடி.

கும்ம்ம்!

பேச்சு அப்படியே அறுந்தது. அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் பாய்ந்தார்கள். நாலு திசையிலும் புகை தேடினார்கள்.

"எந்தக் கம்பெனிடி?"

"அச்சங்குளம் பக்கமா?"

ஒரு பெண் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள். இரண்டாவது அடி, மூன்றாவது அடி, பின்னாலேயே பாட்டும் வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. வேனில் யார் பேச்சு எடுபடுமோ அந்தப் பேச்சியம்மா கடைசி சீட்டிலிருந்து எழுந்தாள்.

"ஏலே செல்வம், அமத்துலே அத! பாட்டுப் போடச் சொன்னா வெடியப் போடுதியா? எம் மக அச்சங்குளத்துல வேல பாக்கா. உசுரு நின்னு போச்சு. திங்கக்கிழம இந்தப் பெட்டி இருந்துச்சு, ஒருத்தியும் ஏற மாட்டோம்!"

செல்வம் பாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அடித்து முடிந்தும் இழுத்துக்கொண்டே நிற்கும் போர்ட் பாக்ஸின் அந்த ஓசைக்கு, இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரே அர்த்தம்தான்: ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யக்கா, நாளைக்கு லீவுதான? கடைக்கு வாங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் ஸ்குரூவ முடுக்குவேன்" என்றேன்.

ஞாயிறு காலை பேச்சியம்மா இரண்டு தோழிகளோடு கடைக்கு வந்து வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். இந்த முறை பத்து இஞ்ச், ஓட்டையே இல்லாத சீல்டு பாக்ஸ். அதில் அடி விழுந்த இடத்திலேயே நிற்கும். அதே பாட்டைப் போட்டேன்.

"ஒளுங்காத்தான் இருக்கு. ஆனா இன்னும் நெஞ்சுல விழுது தம்பி. காலுல விழணும்."

காலில் விழும் பேஸ்! எந்த கேட்லாக்கில் இருக்கிறது இந்த வார்த்தை? உற்சாகத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. ஆம்பிளிஃபயரில் கெயினைக் குறைத்து அடியின் பலத்தை அடக்கினேன். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, கட்டை கொடுத்து, ஸ்பீக்கர் தரையைப் பார்க்கக் கவிழ்த்தேன். மறுபடி பாட்டு.

பேச்சியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். தோழிதான் கத்தினாள்: "யக்கா, ஒன் காலு ஆடுது!"

"ஆடட்டும்டி. அதுக்குத்தான வந்தேன்!"

திங்கள் மாலை, ஆட்களை ஏற்றும்போதே கம்பெனி வாசலிலிருந்து செல்வம் போன் செய்தான். "அண்ணாச்சி, மாறிப்போனவுகளும் வந்து ஏறுறாக!" பின்னால் பேச்சியம்மா குரல்: "பேசுனது போதும்லே, பாட்டப் போடு!"

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, வாட்ஸ், இஞ்ச் எல்லாம் பிறகு பாருங்கள். முதலில் பின்சீட்டில் தினம் உட்காரப் போகிறவரை அழைத்து உட்கார வையுங்கள். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நான் இன்றும் கேட்பதைக் கேளுங்கள்:

"நெஞ்சுல விழுதா, காலுல விழுதா?"