யோகா அக்கா மூடாத சமையலறை

ஆக்லாந்தில், பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்தபோது யோகா அக்காவின் பெறாமகளிடமிருந்து, அதாவது தங்கை மகளிடமிருந்து, போன் வந்தது. இங்கேயே பிறந்த பெண். என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில் ஆரம்பித்ததுமே பையைக் கீழே வைத்துவிட்டேன். "பெரியம்மா போயிட்டா அண்ணா. காலமை எழும்பேல்லை."

இதைப் படிக்கும் உங்களில் பலர் பாபகூரா சனிக்கிழமைச் சந்தையில் யோகா அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். "ஒரு வாய் வைக்க முதலே உறைக்குமோ எண்டு கேக்கிறதோ?" என்று உங்களை விரட்டியிருப்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸ் உணவகங்களில் பாதி ஆயுளைக் கழித்து, கணவர் போன பிறகு தங்கை வீட்டாரோடு இருக்க ஆக்லாந்து வந்தவர். நான் கோயம்புத்தூர்க்காரன். புதிதாகக் குடியேறியவர்கள் சிறுதொழில் தொடங்க அரசு தரும் உதவியை அவர்கள் கையில் கொண்டுசேர்க்கும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது பிரெஞ்சு மொழி. எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆப்பிரிக்காவின் புருண்டியிலிருந்தும் கொங்கோவிலிருந்தும் அகதிகளாக வந்த பெண்கள் சிலர் அன்று எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நான் ஆங்கிலத்தில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வேறு ஏதோ காரியமாக வந்து வாசலில் காத்திருந்த யோகா அக்கா, பொறுக்க முடியாமல் உள்ளே வந்து பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். அந்தப் பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். ஜோசெஃபின் என்ற மூத்தவர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "நான் படிச்சது சட்டி கழுவின பிரெஞ்சு தம்பி. சண்டை பிடிக்க நல்லா வரும்" என்றார் அக்கா. மறுவாரமே அவரை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டோம். நான் தமிழில் சொன்னால் அவர் பிரெஞ்சில் சொல்வார்.

பிரெஞ்சு பேசும் குடியேறிகளுக்கென்று அரசு முன்னோட்டமாக ஒரு திட்டம் போட்டிருந்த காலம் அது. பாபகூராவில் உரிமம் பெற்ற சமையலறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தந்தார்கள். ஜோசெஃபினும் மற்றவர்களும் மரவள்ளிக் கீரையும் வாழைக்காய்ப் பொரியலும் செய்து சந்தைக்குக் கொண்டுபோனார்கள். நம் ஆட்கள் வாங்கட்டுமே என்று கொஞ்சம் மிளகாய்த்தூள் போடச் சொன்னேன். அக்கா முறைத்த முறைப்பு இருக்கிறதே! "இது அவையின்ரை சாப்பாடு. உங்களுக்கு உறைப்பு வேணுமெண்டால் வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ." அந்தச் சமையலறையைப் போலச் சிரிப்பும் சண்டையுமாக இருந்த இடத்தை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. அலுவலகங்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முதல்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு தொழிலை நடத்தினார்கள்.

முன்னோட்டம் முடிந்தது. திட்டம் புதுப் பெயரில் வந்தது. உதவியைத் தொடரச் சொல்லிக் கேட்கப் போனோம். பிரெஞ்சு பேசுகிறவர்களை ஐரோப்பியர் பிரிவில் சேர்த்திருப்பதாகவும், ஐரோப்பியர்கள் வசதியாக இருப்பதால் இந்த உதவி அவர்களுக்கு இல்லை என்றும் அதிகாரி பணிவாகச் சொன்னார். அக்கா மேசைமேல் தன் கையை நீட்டிக் காட்டினார். "நல்லாப் பாருங்கோ. நான் ஐரோப்பாக்காரியே?" நான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, அந்தப் பெண்களை ஆப்பிரிக்கர் என்றே போடுங்கள் என்றோம். அந்தப் பிரிவில் எல்லாம் ஆங்கிலத்தில்தான், மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை என்றார். சமையலறையைச் சோதிக்க வருகிறவரின் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால் உரிமம் போய்விடும். அது அந்த அதிகாரிக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "தம்பி, இந்த அரசாங்க ஆக்களுக்குத் துவக்கி வைக்க நல்ல விருப்பம். படம் எடுக்கலாம், கை தட்டலாம். நடத்த விட மட்டும் விருப்பமில்லை." வாடகைக்கு வேறு வழி தேடி நாங்கள் ஏறாத படி இல்லை. நம் கோயில்காரர்கள் தம் மக்களுக்கே போதவில்லை என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

கடைசி நாள் பெண்களை உட்காரவைத்து நான் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். இனி உதவி வராது, சமையலறை இன்றோடு மூடப்படுகிறது, மறுபடி திறக்காது. அக்கா பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். யாரும் அழவில்லை. தலையாட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார்கள். எவ்வளவு உறுதியான மனுஷிகள் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் வியந்துகொண்டே போனேன். அதன் பிறகு அக்கா சந்தைப் பக்கமே வரவில்லை. போன் செய்தால் "ஓம் தம்பி, இருக்கிறன்" என்பதோடு சரி.

இறுதிச் சடங்கிற்கு அந்தப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜோசெஃபின் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதபடி நெடுநேரம் பிரெஞ்சில் பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்க நான் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பினேன். அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? பிறகு அவரே தனக்குத் தெரிந்த துண்டு ஆங்கிலத்தில் முயன்றார். "மதாம் யோகா டோல்ட். கிச்சன் ஓப்பன் அகெய்ன். ஸ்மால் வெயிட்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வென்?"

மற்றவர்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரியின் மேசைமேல் கையை நீட்டிய மனுஷிக்கு, இவர்கள் முகத்தைப் பார்த்து, சமையலறை மறுபடி திறக்காது என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள், திறப்போம் என்று சொல்லிவிட்டு, அதை மனதுக்குள் வைத்துக்கொண்டே போய்விட்டார். ஐயோ அக்கா, என்ன காரியம் செய்தீர்கள்!

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்தான். இனி அதை நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் அன்று எனக்கும் அது முடியவில்லை; ஜோசெஃபினின் கைகளை விடாமல், தெரியாது, தெரியாது என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றேன்.