உலக்கை சாய்ந்த கிரகணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். எட்டாவதோடு நின்றவள், எழுத வராது என்பதெல்லாம் சாக்கு. என் மாமியாரை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் நிஜமான பயம்.

போன வாரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மகள் போனில் ஏதோ வானத்துக் கதை போட்டிருந்தாள். நிலாவின் நிழல் பூமிமேல் ஓடுவதைச் சொல்லிவந்த குரல், மூச்சு வாங்க ஒரு நொடி நின்றது. என் வாய் தானாக "ம்" என்றது.

"போனுக்கா ம் கொட்டுற?" என்று சிரித்தாள் மகள். அவள் என் வயிற்றில் இருந்தபோது பழகியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது கதிர்காமத்தில் ஓட்டு வீடு. எனக்கு ஏழாம் மாதம். பட்டப்பகலில் சூரிய கிரகணம். மாமியார் தண்ணீர்ப் பானை, மோர், ஊறுகாய் ஜாடி வரை தர்ப்பைப்புல் போட்டார். ஊறுகாய்க்குமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. என்னை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கூடத்தில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார். கிரகணம் இருக்கும்வரை அது நிற்கும், விட்டதும் தானே சாயும். சாயும்வரை மாசமாக இருப்பவள் வெளியே வரக்கூடாது, பல்லில் தண்ணீர் படக்கூடாது. எனக்கும் அதில் நம்பிக்கைதான்.

நாத்தனார் செல்வி மில்லில் வேலை பார்த்தாள். பேப்பரில் வரும் பூமி, நட்சத்திரக் கதைகள் என்றால் அவளுக்கு உயிர். கதவுக்கு வெளியே உட்கார்ந்து எனக்குப் படித்துச் சொன்னாள்.

"நிலா சின்னதுதான் அண்ணி. கிட்ட இருக்கறதால சூரியனையே மறைச்சிடுது. நம்ம அம்மா வாசல்ல நின்னா தெருவே தெரியாதில்ல, அந்த மாதிரி."

"ம்."

"என்னை இழுக்கலன்னா உனக்குக் கதை வராதாடி?" என்றார் மாமியார்.

மில் சங்கு ஊதியது. "பேப்பர்ல போட்ட நேரம் தாண்டிடுச்சிம்மா. கிரகணம் விட்டாச்சி. அண்ணிக்குத் தண்ணி குடு."

"பேப்பர்காரன் சொன்னா ஆச்சா? உலக்கை நிக்குதே."

"புதுப் பூண் போட்ட உலக்கைம்மா. அடி தட்டையா இருக்கு. பொங்கல் வரைக்கும் நிக்கும்."

செல்வி கோபத்தோடு கதையைத் தொடர்ந்தாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து உதைத்த பிள்ளை அசையவே இல்லை. முருகா முருகா என்று வயிற்றைத் தடவினேன். ம் கொட்ட வாய் வரவில்லை.

"அண்ணி?" என்றாள் செல்வி. மறுபடியும், "அண்ணி?"

"ஏண்டி நிறுத்திட்ட?"

"ம் சத்தம் வரலம்மா."

கூடத்தில் தடாலென்று சத்தம். தாம்பாளம் உருண்டது.

"உலக்கை சாஞ்சிடுச்சி. கதவைத் தொறடி."

தலைக்குக் குளித்த பிறகுதான் எதுவும் என்பது சட்டம். அதையும் மறந்து மாமியாரே சொம்பை என் வாயில் வைத்தார். நாலு வாய் உள்ளே போனதும் பிள்ளை உதைத்தது.

அப்புறம்தான் பார்த்தேன். அவர் புடவைக் கரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். வலது கால் கட்டைவிரல் வீங்கியிருந்தது. செல்வியும் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டபோது, "கல்லு தடுக்கிடுச்சி" என்றார்.

இன்று அந்த மில்லும் இல்லை, சங்கும் இல்லை. செல்வி போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியார் படத்துக்கு, முருகனுக்கு வைத்த கையோடு தினமும் பூ வைக்கிறேன். போனில் வரும் குரலுக்குச் செல்விக்குத் தெரியாததெல்லாம் தெரிகிறது. ஆனால் நான் ம் கொட்டாவிட்டாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்வதென்றால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். சாமி தோற்றது, பேப்பர் ஜெயித்தது என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். அவருக்குக் கால்விரல் வீங்கியிருந்தது. உலக்கை தானாகச் சாய்ந்தது.